யாருக்குக் கமரா, யாருக்கு வேண்டாம்? இரைப்பைப் புற்றுநோய் பற்றி வாசகர் கேட்டவை

வாய்ப் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு வன்னியின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை வாயைப் பற்றியவை அல்ல, வயிற்றைப் பற்றியவை. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டு, ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் அப்பா 58 வயதில் இரைப்பைப் புற்றுநோயால் காலமானார். எனக்கு 46 வயது, தங்கைக்கு 41, தம்பிக்கு 33. தம்பி கொரியாவில் வேலை செய்கிறார். அங்கே 40 வயது தாண்டிய எல்லோருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கமரா விட்டுப் பார்க்கிறார்களாம். இங்கே ஏன் அப்படி இல்லை? நாங்கள் மூவரும் பார்க்க வேண்டுமா?
— வாசகர், கிளிநொச்சி

தம்பி சொன்னது சரிதான். தென் கொரியாவில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இரைப்பைப் பரிசோதனை வழங்கப்படுகிறது. ஜப்பானில் 1983 முதல் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்றே எடுத்துவந்தார்கள். பின்னர் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எண்டொஸ்கொப்பியையும், அதாவது நாம் கமரா என்று சொல்லும் குழாய்ப் பரிசோதனையையும், சேர்த்துக்கொண்டார்கள். அந்த நாடுகளில் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம் என்பதால் வயது ஒன்றையே அளவுகோலாக வைத்து எல்லோரையும் அழைப்பது அவர்களுக்குப் பொருந்துகிறது. நம் நாட்டில் ஆண்களிடம் வாய்ப் புற்றுநோயும் பெண்களிடம் மார்பகப் புற்றுநோயும்தான் முன்னிற்கின்றன. இங்கே எல்லோரையும் அழைத்தால், நோயே இல்லாத நூறு பேருக்குப் பின்னால், இரைப்பையில் இரத்தம் கசிந்து தார் போலக் கறுப்பாக மலம் போகும் ஒருவர் தன் முறை வரும்வரை காத்திருக்க நேரிடும். ஆகவே நமக்கு உள்ள வழி, ஆபத்துக் கூடியவர்களை முதலில் கேள்விகளால் பிரித்தெடுத்து, அவர்களை மட்டும் கமராவுக்கு அனுப்புவதுதான்.

இந்தப் பிரித்தெடுப்பில் வயதுக்கு அடுத்ததாக நான் கேட்பது குடும்பத்தை. தாய், தந்தை, உடன்பிறப்பு, பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால் மற்றவருக்கு ஆபத்து இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. அதில் ஒரு பகுதி பரம்பரை. இன்னொரு பகுதி ஒரே வீட்டில் பகிர்ந்துகொண்ட ஹெலிகோபக்டர் பைலோரி என்னும் பக்டீரியா. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பாரி மார்ஷலும் ரொபின் வொரனும் இதை அடையாளம் கண்டபோது, அமிலம் நிறைந்த இரைப்பையில் பக்டீரியா வாழும் என்பதை ஒருவரும் நம்பவில்லை. மார்ஷல் 1984 இல் அதைத் தாமே குடித்து, தமக்கு இரைப்பை அழற்சி வந்ததைக் காட்டினார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994 இலேயே இதை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளுள் சேர்த்துவிட்டது. தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவருக்கு மட்டுமே புற்றுநோய் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இதைப் படிப்பவர்கள் இன்றிரவு தூங்க மாட்டார்கள்.

உங்களைப் போன்ற குடும்பங்களை வைத்தே கொரியாவில் ஓர் ஆய்வு நடந்து 2020 இல் வெளியானது. இரைப்பைப் புற்றுநோயாளரின் நெருங்கிய இரத்த உறவினரில் இந்தத் தொற்று இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பக்டீரியாவை ஒழிக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் மருந்து பெற்றவர்களில் 1.2 வீதத்தினருக்கும் பெறாதவர்களில் 2.7 வீதத்தினருக்கும் புற்றுநோய் வந்தது. எனவே நீங்கள் மூவரும் முதலில் செய்ய வேண்டியது, மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை மூலம் இந்தத் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பதாகும். அதற்கு முன் ஒமிப்பிரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளை இரண்டு வாரமும், அன்டிபயோட்டிக் மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் இருக்கும் கிருமி இல்லை என்று றிப்போட் வரும். தொற்று இருந்தால் பதினான்கு நாள் மருந்து. வாயெல்லாம் கசக்கிறது, இரும்பை நக்கியதுபோல இருக்கிறது என்று ஐந்தாம் நாளே குளிசைகளை மூலையில் போடுகிறவர்கள் அநேகர். அரைகுறையாக எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். முடித்து நான்கு வாரமாவது சென்றபின் மறுபடியும் பரிசோதித்து, கிருமி போய்விட்டதை உறுதிசெய்ய வேண்டும்.

கமரா யாருக்கு என்றால், நோய் வந்த உறவினரின் வயதுக்குப் பத்து ஆண்டு முன்னரோ, நாற்பதுகளின் நடுவிலோ, எது முந்தி வருகிறதோ அப்போது தொடங்குவது வைத்தியர் பலர் கையாளும் முறை. அந்தக் கணக்கில் உங்களுக்கு நேரம் வந்துவிட்டது. தங்கைக்கு, தொற்று இருந்தால் அல்லது ஏதேனும் அறிகுறி இருந்தால், இப்போதே. இல்லாவிட்டால் சில ஆண்டுகள் பொறுக்கலாம். தம்பிக்கு இப்போதைக்குப் பக்டீரியாப் பரிசோதனை போதும். மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போகும்போது, "கஸ்ரிக் இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், "அப்பா 58 வயதில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது அந்த வசனம்தான்.

கேள்வி: அம்மா 2008 இல், இடம்பெயர்ந்திருந்த காலத்தில், சாப்பிட முடியாமல் மெலிந்து இறந்தார். என்ன நோய் என்று ஒருவரும் சொல்லவில்லை. இருந்த வைத்தியசாலைத் துண்டுகளும் பதுங்குகுழியோடு போய்விட்டன. "குடும்பத்தில் யாருக்காவது கான்சர் இருந்ததா" என்று வைத்தியர் கேட்டால் நான் என்ன சொல்வது? 2009 இல் மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் நின்றோம். அதனாலும் இந்தக் கிருமி வந்திருக்குமா?
— வாசகி, முல்லைத்தீவு

இந்தக் கேள்வியை ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்காமல் கேட்பவர்கள் வன்னியில் ஏராளம். ஆபத்துக் கூடியவர்களைத் தெரிவுசெய்வதற்கென எழுதப்பட்ட படிவங்கள் எல்லாம், குடும்பத்தில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயின் பெயர் உண்டு என்று எண்ணி எழுதப்பட்டவை. நம்மிடம் பெயர் இல்லை. "இல்லை" என்று பெட்டியில் புள்ளடி போடுவதும் பிழை, "தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதும் பிழை.

ஆகவே நான் நோயின் பெயரைக் கேட்பதில்லை, நோய் நடந்த விதத்தைக் கேட்கிறேன். கடைசி மாதங்களில் அம்மா என்ன சாப்பிட்டார்? சோறு இறங்குவது நின்று, பிறகு கஞ்சி மட்டும், பிறகு அதுவும் இல்லை என்று போனதா? காலையில் உண்டது மாலையில் அப்படியே வாந்தியாக வந்ததா? கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்றாரா? மலம் கறுப்பாகப் போனதா? சட்டை தொளதொளத்து, முகம் வெளிறியதா? கடைசியில் வயிறு வீங்கியதா? அப்போது அவருக்கு என்ன வயது? இவற்றில் பலவற்றுக்கு ஆம் என்றால், நான் குறிப்பேட்டில் "இரைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம்" என்று எழுதுவேன். உணவுக்குழாய் நோய், ஈரல் நோய், காசநோய் ஆகியவையும் இப்படி மெலியவைக்கும் என்பது உண்மையே. ஆனால் ஒரு சந்தேகக் குறியினால் உங்களுக்கு அதிகமாக வருவது ஒரு பரிசோதனை. அந்தக் குறி இல்லாவிட்டால் தவறிப்போகக்கூடியது அதைவிடப் பெரியது.

ஒரு முறை ஓர் அம்மா என் முன்னால் இருந்துகொண்டு, கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் தன் குடும்பத்தை வரைந்தார். அண்ணன்மார் இருவருக்கு நேரே "ஷெல்" என்று எழுதினார், தகப்பனுக்கு நேரே "வயித்துக்குத்து", பெரிய தகப்பனுக்கு நேரே "வயித்துக்குத்து, கறுப்பு". மாதக்கணக்காகக் கேட்டும் வராத விபரம் அந்த அட்டையில் ஐந்து நிமிடத்தில் வந்தது. நீங்களும் வீட்டில் மூத்த மாமியையோ பெரியம்மாவையோ இருத்திவைத்துக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களுக்கும் போன் எடுத்துக் கேளுங்கள். ஆளுக்கொரு துண்டு நினைவிருக்கும்.

முகாம் பற்றி: இந்தப் பக்டீரியா பெரும்பாலும் சிறுவயதில், வீட்டாரிடமிருந்தே தொற்றுகிறது, நெருக்கமாக வாழ்வதும் சுத்தமான நீர் இல்லாததும் அதற்கு வழிவிடுகின்றன. அன்று வளர்ந்தவராக இருந்த உங்களுக்கு முகாமில் புதிதாகத் தொற்றியிருக்கும் சாத்தியம் குறைவு. தொற்றியிருந்தால் அதற்கு முன்னரே, உங்கள் அம்மாவின் குசினியிலேயே, தொற்றியிருக்கும். அன்று கைக்குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இன்று தொடர்ந்து வயிற்று எரிவு இருந்தால் தொற்றைப் பரிசோதிப்பது நியாயம். முகாமில் இருந்தோம் என்பதற்காக மட்டும் ஒருவரையும் கமராவுக்கு அனுப்பத் தேவையில்லை.

கேள்வி: எனக்கு 27 வயது. மூன்று வருடமாகக் கஸ்ரிக். பாமசியில் ஒமிப்பிரசோல் வாங்கிப் போட்டால் சுகம், விட்டால் எரிவு. கான்சராக மாறுமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

உங்கள் வயதில் அந்தச் சாத்தியம் மிகவும் குறைவு. பக்டீரியாவைப் பரிசோதித்து, இருந்தால் ஒழித்துவிடுங்கள். மூன்று வருட எரிவு அதோடு போனாலும் போகலாம்.

ஆனால் உங்கள் கேள்வியைச் சாட்டாக வைத்து, ஐம்பதைக் கடந்த வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒமிப்பிரசோல் சாதாரணப் புண்ணின் எரிவை ஆற்றுவது போலவே, புற்றுநோய்ப் புண்ணின் எரிவையும் சில காலம் ஆற்றும். வாழ்நாளில் கஸ்ரிக் என்று அறியாத ஒருவருக்கு 55 வயதில் புதிதாக எரிவு தொடங்கினால், மாதக்கணக்காகப் பாமசி மருந்தில் காலம் கடத்தக்கூடாது. காரணமில்லாத மெலிவு, விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, கறுப்பு மலம், இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், எந்த வயதானாலும், அவர் முன்கூட்டிய பரிசோதனைக்கெனத் தெரிவுசெய்யப்பட வேண்டியவர் அல்லர். உடனே வைத்தியரிடம் போக வேண்டிய நோயாளி. அறிகுறி இல்லாதவர்களில் தேடுவதற்குப் பெயர்தான் முன்கூட்டிய பரிசோதனை. கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசை போடுபவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். அது பளபளப்பாகவும் தார் போல ஒட்டிப் பிடிப்பதாகவும் இராது, அந்தக் கெட்ட நாற்றமும் இராது.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறார். தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் "கான்சர் இரத்தப் பரிசோதனை" என்று ஒரு பொதி செய்தோம். சிஈஏ சாதாரணம், பெப்சினோஜனும் நல்ல அளவு என்று வந்தது. இனிப் பயமில்லைத்தானே?
— வாசகி, வவுனியா

அந்த ஆய்வுகூடம் எது என்று நீங்கள் எழுதாதது நல்லது. சிஈஏ என்பது, புற்றுநோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டவரில் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா என்று பார்க்க உதவும், இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் அளவு. ஆரம்ப நிலை இரைப்பைப் புற்றுநோயில் அது பெரும்பாலும் உயர்வதில்லை. அது சாதாரணமாக வந்ததில் மகிழ எதுவும் இல்லை.

பெப்சினோஜன் வேறு கதை, அதைச் சற்று விளக்கவேண்டும். இரைப்பையின் உட்சுவரில் உள்ள சுரப்பிகள், செரிமானத்துக்கு உதவும் பெப்சினோஜன் என்னும் பொருளை ஒன்று, இரண்டு என இரண்டு வகையாகச் சுரக்கின்றன. முதல் வகை இரைப்பையின் உடற்பகுதிச் சுரப்பிகளில் மட்டும் உண்டாகிறது. நீண்டகால அழற்சியால் அந்தச் சுரப்பிகள் தேய்ந்து சுவர் மெலியும்போது முதல் வகை குறைந்து, இரண்டுக்கும் இடையிலான விகிதமும் வீழ்கிறது. முதல் வகை ஒரு மில்லிலீற்றர் இரத்தநீரில் 70 நானோகிராமுக்குக் கீழும் விகிதம் 3 க்குக் கீழும் இருந்தால் சுவர் தேய்ந்திருப்பதாக ஜப்பானியர் கொள்கிறார்கள். இதனோடு, பக்டீரியாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்து மக்களை நான்காகப் பிரிக்கிறார்கள். இரண்டும் நல்லதாயின் ஆபத்து மிகக் குறைவு. தொற்று மட்டும் இருந்தால் அதனிலும் சற்றுக் கூட. தொற்றும் தேய்வும் சேர்ந்தால் இன்னும் கூட. தேய்வு முற்றி, கிருமிக்கே வாழ இடமில்லாமல் போய், தொற்று "இல்லை" என்று வருபவர்தான் நால்வரில் அதிக ஆபத்துள்ளவர். கிருமி இல்லை என்ற றிப்போட்டே கெட்ட செய்தியாகும் விசித்திரம் இது. சீனாவில் வயது, பாலினம், பெப்சினோஜன் விகிதம், இரைப்பை சுரக்கும் காஸ்டிரின்-17 என்னும் ஹோர்மோன், பக்டீரியா எதிர்ப்பொருள் ஆகிய ஐந்துக்கும் புள்ளி போட்டு, 23 இல் 17 உம் அதற்கு மேலும் பெற்றவர்களை முதலில் கமராவுக்கு அழைக்கிறார்கள். 12 முதல் 16 வரை நடுத்தரம். அந்தப் புள்ளிகள் அந்த நாட்டு மக்களை வைத்துக் கணித்தவை. ஒரு மண்ணுக்குத் தேர்ந்த நெல்லினத்தை இன்னொரு மண்ணில் விதைக்குமுன் யோசிப்பதுபோல, அவற்றை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் அப்பாவின் விடயத்துக்கு வருகிறேன். பெப்சினோஜனை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்குண்டு. சிறுநீரகம் தளர்ந்தவரில் அது இரத்தத்தில் தேங்கி உயர்ந்து நிற்கும்; ஆகவே இரைப்பைச் சுவர் தேய்ந்திருந்தாலும் "நல்ல அளவு" என்று றிப்போட் சொல்லும். ஒமிப்பிரசோல் எடுப்பவரிலும் இதுவே நடக்கும். அதனால்தான் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், அந்த வகைக் குளிசைகள் போடுபவர்கள், இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், பக்டீரியாச் சிகிச்சை முடித்தவர்கள் ஆகியோரை ஜப்பானியர் இந்தப் பிரிப்பில் சேர்ப்பதில்லை. சிறுநீரக நோய் இவ்வளவு பரந்துள்ள வவுனியாப் பக்கத்தில் இதைச் சொல்லாமல் இந்தப் பரிசோதனையை விற்பது சரியல்ல. அப்பாவின் நிலையைத் தீர்மானிக்க, அவருடைய வயது, குடும்பம், புகைத்தல், அறிகுறிகள் ஆகியவற்றைச் சிறுநீரகக் கிளினிக்கிலேயே கேட்டுப் பேசுங்கள். சிறுநீரக நோயாலும் இரத்தம் குறையும் என்பதால், அவருடைய இரத்தசோகைக்கு அது மட்டும்தான் காரணமா என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் கடற்கரை ஆட்கள். கருவாடும் உறைப்பும் இல்லாமல் சோறு இறங்காது. வெற்றிலையும் போடுவோம். எதை விடவேண்டும்?
— வாசகர், புதுக்குடியிருப்பு

மிளகாயை விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உறைப்பு எரிவைத் தரும், புற்றுநோய்க்கு அதைக் குற்றம் சாட்ட வலுவான ஆதாரம் இல்லை. கவனிக்க வேண்டியது உப்பு. உப்பிட்டுப் பதப்படுத்திய உணவை நிறைய உண்பது இரைப்பையின் உட்சுவரை அரித்து, பக்டீரியாவின் வேலையை எளிதாக்குகிறது. கருவாட்டை வாரத்தில் ஓரிரு நாளாகக் குறைத்து, சமைக்குமுன் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்தால் உப்பின் ஒரு பகுதியாவது போகும். சுருட்டு, பீடி, சிகரெட் ஆகியவை ஆபத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. வெற்றிலையோடு புகையிலை போடுவதை விடச் சொல்வதற்கு வயிற்றைவிட வாயே பெரிய காரணம். இவை அனைத்தும் உங்களிடம் இருந்தாலும், இவற்றால் மட்டும் ஒருவர் "ஆபத்துக் கூடியவர்" பட்டியலில் சேர்வதில்லை. வயதோடும் குடும்பத்தோடும் தொற்றோடும் சேரும்போதுதான் இவற்றுக்கு எடை வருகிறது.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. நான்கு வருடத்துக்கு முன் கமரா விட்டுப் பரிசோதனைக்குச் சிறிது தசை எடுத்தார்கள். "கான்சர் இல்லை" என்றார்கள், வந்துவிட்டோம். இப்போது வீடு ஒதுக்கும்போது அந்தப் பரிசோதனையின் றிப்போட் துண்டு கிடைத்தது. அதில் "இன்டஸ்டைனல் மெட்டாபிளாசியா" என்று இருக்கிறது. அம்மாவின் தகப்பனுக்கு 1980களில் குடற்புண்ணுக்காக இரைப்பையை வெட்டியிருந்ததாம். இது எதைக் குறிக்கிறது?
— வாசகர், மல்லாவி

தாத்தாவின் அறுவைச் சிகிச்சை பற்றி முதலில்: இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியவருக்கு, பதினைந்து இருபது ஆண்டுகளின் பின் எஞ்சிய பகுதியில் புற்றுநோய் வரும் சாத்தியம் கூடுகிறது. அது வெட்டப்பட்டவருக்கு உரிய ஆபத்து, பிள்ளைகளுக்குக் கடப்பதல்ல. ஆனால் அன்று வெட்டியது புண்ணுக்காகத்தானா என்பதைக் கேட்டறிவது நல்லது. அந்தக் காலத்தில் புண் என்று வீட்டாருக்குச் சொல்லப்பட்டவை எல்லாம் புண் அல்ல.

அம்மாவின் துண்டில் இருப்பது, இரைப்பையின் உட்சுவர் குடலின் சுவரைப் போல உருமாறியிருக்கிறது என்பது. அழற்சி, பிறகு சுவர்த் தேய்வு, பிறகு இந்த உருமாற்றம், பிறகு கலங்களின் பிறழ்வு, கடைசியில் புற்றுநோய் என்னும் படிகளைக் கொலம்பிய நோயியலாளர் பெலாயோ கொரெயா விவரித்தார். உங்கள் அம்மா நடுப்படியில் நின்றிருக்கிறார். அந்தப் படியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் மேலே போவதில்லை. இருந்தும் அவர் இனிச் சாதாரண வரிசையில் நிற்கவேண்டியவர் அல்லர். உருமாற்றம் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டுமா, உடற்பகுதியிலும் பரந்திருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. இரண்டிலும் இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒரு முறையும், நெருங்கிய உறவினருக்குப் புற்றுநோய் இருந்தால் ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் கமரா பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டல்கள் சொல்கின்றன. நான்கு வருடம் போய்விட்டதால், இப்போது ஒரு தடவை பார்த்துவிடுவதுதான் சரி.

இந்த முறை போகும்போது, கீழ்ப்பகுதியில் இரண்டு, உடற்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று என ஐந்து இடங்களில் தசை எடுத்து, எந்த இடத்துத் தசை எது என்று தெரியும்படி அனுப்ப முடியுமா என்று பணிவோடு கேட்டுப்பாருங்கள். பக்டீரியாவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு தொடக்கம் எட்டு மணிநேரம் வெறும் வயிறு. தொண்டைக்கு மருந்து தெளித்து, இடப்பக்கம் சரிந்து படுக்கவைப்பார்கள். குமட்டல் வரும்போது மூக்கால் மெதுவாக மூச்செடுத்தால் சமாளிக்கலாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சுவரின் உட்படைகளைத் தாண்டாத நிலையில் நோய் பிடிபட்டால், பல வேளைகளில் வயிற்றைத் திறக்காமல் அந்தக் குழாய் வழியாகவே அகற்றலாம். ஜப்பானில் அப்படிப் பிடிபட்டவர்களில் தொண்ணூறு வீதத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளின் பின்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

பழைய துண்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள். மருந்துச் சிட்டைகளோடு ஒரே சொப்பிங் பையில் திணித்தால் எழுத்து மங்கிவிடும்; போனில் படமெடுத்து, தம்பி தங்கையின் போன்களுக்கும் அனுப்பிவையுங்கள். அடுத்த கமரா எந்த மாதம் என்பதைக் கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.